அந்த ரோஸ் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள அண்ணா,

நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கோவையில் நண்பர் ஒருவர் வீட்டில் நியான் சிற்பங்களின் படப்புத்தகம் பார்த்தேன். வளைத்த கண்ணாடிக் குழாய், உள்ளே வெளிச்சம், அவ்வளவுதான். எங்கள் பக்கம் பேக்கரிக்குப் பேக்கரி அதைத்தானே மாட்டியிருக்கிறார்கள்? இதில் சிற்பம் எங்கே?

ம., பல்லடம்

அன்புள்ள ம.,

பேக்கரியில் இப்போது மாட்டுவது பெரும்பாலும் நியானே இல்லை, சிலிகோன் உறைக்குள் எல்இடி பட்டை. நிஜ நியானுக்குக் கண்ணாடிக் குழாயைத் தீயில் வாட்டி வளைத்து, காற்றை உறிஞ்சி, வாயுவை அடைத்து, உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். நியான் தரும் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு மட்டும்தான். நீலத்துக்கு ஆர்கானும் துளி பாதரசமும். 1910இல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் க்ளோட் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நியான் விளக்கை எரியவிட்டுக் காட்டினார். விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம்தான் கலைஞர்கள்.

சரி, சிற்பம் எங்கே? படத்தில் தேடினால் கிடைக்காது. நியானில் நிறைய வேலை செய்த அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நாமன் 1970இல் பச்சை ட்யூப் லைட் போட்டு ஒரு சந்து கட்டினார். நீளம் 40 அடி, அகலம் ஒரே அடி. ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். போகப் போகப் பச்சை வெளுத்துவிடும். வெளியே வந்தால் வெள்ளைச் சுவர் ரோஸாகத் தெரியும். அந்த ரோஸ் எந்தக் குழாயிலும் இல்லை. பச்சையில் அலுத்த கண் தானாக ஏற்றிய சாயம் அது.

திருப்பூரில் நான் செக்கிங்கில் இருந்தபோது ஒரு நேவி டி-சர்ட் வந்தது. உடம்புக்கு ஒரு லாட் சாயத்துணி, கைக்கு வேறு லாட். ட்யூப் லைட்டில் ஒன்றாகவே தெரிந்தது, பாஸ் போட்டுவிட்டேன். மாஸ்டர் ஒரு பீஸை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்தார். கை மட்டும் சிவப்படித்தது. "ஏங்கண்ணு, இது ரெண்டும் உனக்கு ஒண்ணாவா தெரியுது?" என்றார். இதற்குத்தானே லைட் பாக்ஸ், பல வகை விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு ஷேட் பார்க்கும் பெட்டி? பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று சரக்கு வாங்கும் பையர் சொல்லும் விளக்கில் ஷேட் சேர வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டை விஷயத்தில் மாறியது விளக்கு, நாமனின் சந்தில் மாறுவது கண்.

நாளைக்கு டேபிள் லைட்டுக்கு அடியில் நல்ல பச்சைத் துணி ஒன்றை விரித்து, பார்வையை நகர்த்தாமல் அரை நிமிடம் பாருங்கள். உடனே பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பனியனைப் பாருங்கள். என்ன ஷேட் என்று எழுதுங்கள்.