பெற்றோரின் விசா விண்ணப்பத்தில் உங்கள் அடைக்கலத்தை மறைக்க வேண்டாம்

வணக்கம். அமெரிக்காவில் நீங்கள் அடைக்கலம் பெற்றிருப்பதை, யாழ்ப்பாணத்திலுள்ள பெற்றோர் பார்வையாளர் விசா விண்ணப்பத்தில் சொல்லாமல் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள், விடவே கூடாது. விசாவுக்கான இணைய விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பற்றியும் அவர்களுடைய குடிவரவு நிலையைப் பற்றியும் நேரடியாகவே கேட்கிறது. பொய் பின்னர் தெரியவந்தால் அது வாழ்நாள் தடையில் கொண்டுபோய் விடலாம். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, ஊர் திரும்புவோம் என்று நிறுவும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது என்பதால், உங்கள் அழைப்புக் கடிதத்தைவிட அப்பாவின் ஓய்வூதியமும் காணி உறுதியும்தான் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரக நேர்காணலில் கைகொடுக்கும். அதிகாரி கோப்பைத் திறக்காமலே முடிவு சொல்லக்கூடும். ஆகவே அவற்றை அப்பா வாயாலேயே தெளிவாகச் சொல்லப் பழகட்டும். மறுக்கப்பட்டால், அடைக்கலம் பெற்றவர்களுக்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாக அமெரிக்கா வழங்கும் அகதிப் பயண ஆவணத்தை ஏற்கும் மூன்றாம் நாடொன்றில் சந்திக்கலாம். நீங்கள் இலங்கைக்குப் போவது உங்கள் அடைக்கலத்தையே கேள்விக்குள்ளாக்கும்.