லெட்வில்லில் அமுங்கிப்போகும் ஜெர்மன் ரொட்டி

வணக்கங்க. உங்க ஜெர்மன் கணவர் சுடும் ரொட்டி நடுவில் குழிகிறது, உருளைக்கிழங்கும் வேகமாட்டேங்குது என்று கேட்டிருந்தீங்க. ரொட்டி குழிவதற்கு அவர் கைப்பக்குவம் காரணமில்லை. ஹாம்பர்க்கில் கடல்மட்டத்தில் பழகிய அளவை அப்படியே கொலராடோ லெட்வில்லில் போடுகிறார், அதுதான் சிக்கல். ஊர் சுமார் 3,100 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் வாயு வேகமாக விரியும். ரொட்டி வெந்து இறுகுவதற்குள் பிணைப்பு அறுந்து உட்கார்ந்துவிடும்.

ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைக்கச் சொல்லுங்க. 500 கிராம் மாவுக்கு 7 கிராம் போட்டவர் 5 கிராம் போடட்டும். உப்பைக் குறைக்க வேண்டாம். கடிகாரத்தை நம்பாதீங்க: மாவு இரட்டிப்பாகும் முன்பே, விரலால் அழுத்திய குழி மெதுவாகப் பாதி மேலே வரும்போதே ஓவனுக்குள் போயிடணும். வறண்ட காற்று, மாவு தண்ணி கூடக் குடிக்கும். தண்ணியை 2, 3 மேசைக்கரண்டி கூடச் சேர்த்து, ஈரத்துணி போட்டு மூடுங்க. ஓவன் சூடு 10 டிகிரி செல்சியஸ் கூட்டுங்க.

உருளைக்கிழங்கு வேகாததும் இந்தக் குறைந்த காற்றழுத்தத்தால்தான். அங்கே தண்ணி 90 டிகிரியிலேயே கொதிச்சிடும். தீயைக் கூட்டினால் தண்ணி வற்றுமே தவிர சூடு ஏறாது. நம்ம குக்கரை எடுங்க. அதுவும் கடல்மட்டத்தில் எட்டும் 121 டிகிரியை அந்த உயரத்தில் எட்டாது, 115 பக்கம்தான். 3 விசில் விடுற இடத்தில் 4, 5 விடுங்க.