மழை பெய்தும் காடு காய்வது ஏன்? கரிசல் மானாவாரி கேள்வி பதில்

மானாவாரியில் தானியம் போடுகிறவர்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: மழையை நம்ப முடியவில்லை, மண்ணும் செத்துவிட்டது, என்ன செய்ய? நான் விஞ்ஞானி இல்லை. எட்டயபுரம் பக்கம் 14 ஏக்கர் கரிசலில் சோளம், கம்பு, உளுந்து என்று முப்பது வருடமாக ஓட்டுகிறவன். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டது பாதி, சொந்தக் காட்டில் (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம்) தோற்றுத் தெரிந்துகொண்டது பாதி.

விளாத்திகுளத்திலிருந்து: அண்ணாச்சி, போன வருடம் ஐப்பசியில் நல்ல மழை. ஓடையெல்லாம் ஓடியது. ஆனால் கார்த்திகைக் கடைசியில், பூ எடுக்கிற நேரத்தில் மக்காச்சோளம் சுருண்டுவிட்டது. மழை பெய்தும் ஏன் இப்படி?

ஓடை ஓடியது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. அந்தத் தண்ணீர் உங்கள் காட்டில் நின்றிருக்க வேண்டியது.

நல்ல கரிசல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பயிருக்குக் கிடைக்கும் ஈரமாக 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பிடித்துவைக்கும். ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். அப்படியானால் ஒரு ஏக்கர் கரிசலுக்குள் 6 லட்சம் முதல் 8 லட்சம் லிட்டர் வரை நிற்கும். செவல் எனும் செம்மண்ணுக்கு இதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். ஆக, பிடித்துவைக்கிற சக்தி நம் மண்ணுக்குக் குறைவில்லை. உள்ளே போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது.

வெடிப்போடு கிடக்கும் கரிசலில் முதல் மழை கடகடவென்று இறங்கும். களிமண் ஊதி வெடிப்பு மூடியதும், மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் குடிக்கும். ஐப்பசி மழை அந்த வேகத்திலா பெய்கிறது? மிச்சம் ஓடைக்குப் போகிறது, மேல்மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். மழை விட்டு மூன்று நாள் கழித்து, விரல் கனத்துக்கும் குறைவான இரும்புக் கம்பி ஒன்றைக் காட்டுக்குள் அமுக்குங்கள். என் கிழக்குக் காட்டில் ஒரு சாண் வரை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அப்புறம் இறுகிய அடுக்கில் முட்டி டக்கென்று நின்றது. உடம்பைச் சாய்த்து அழுத்தினால் கம்பி வளைந்ததே தவிர இறங்கவில்லை. வரப்போரம், டிராக்டர் ஏறாத இடத்தில், அதே கம்பி முழங்கால் ஆழம் போனது. பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒரு சாணில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. கீழே ஈரம் இருக்கிறது, வேர் போய்ச் சேரவில்லை. மக்காச்சோளம் பூக்கும்போது பத்து நாள் ஈரம் தவறினாலே கதிரில் மணி பிடிக்காது. நாட்டுச்சோளம் அப்படியே உறங்கிக் கிடந்து அடுத்த மழைக்கு எழுந்துகொள்ளும். பக்கத்துக் காட்டில் சோளம் தேறியிருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

அருப்புக்கோட்டையிலிருந்து: அந்த இறுகிய அடுக்கை உடைக்க உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை. வாடகை போனதுதான் மிச்சம்.

எப்போது ஓட்டினீர்கள்? மழைக்கு அப்புறம் என்றால் பணம் வீண். ஈரக் களியில் உளிக்கலப்பை போனால் அல்வாவில் கத்தி போட்ட மாதிரி ஒரு கோடு விழும், அவ்வளவுதான். சித்திரை, வைகாசியில் மண் எலும்பாகக் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் கட்டி கட்டியாகப் பிளக்கும். அரை மீட்டர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே, ஒன்றரை அடி ஆழம் வரை. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

அதற்கு அப்புறம் ரோட்டவேட்டரைக் கொண்டுவந்து காட்டை மாவாக அரைத்தால் பழைய கதைதான். ரோட்டவேட்டர் மேலே பூப்போல ஆக்கிவிட்டு, கத்தி தொடும் இடத்தில் அடியை மெழுகிவிடும். முதல் மழையிலேயே அந்த மாவு பிசைந்து ஓடு கட்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகவே ஓட்டுகிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம். கட்டியும் முட்டியுமாகக் கிடக்கிற காடுதான் மழையை வாங்கும்.

கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி: சரிவான காடு அண்ணாச்சி. வரப்பு போட்டும் உடைத்துக்கொண்டு போகிறது.

ஓர வரப்பை மட்டும் உயர்த்தினால் ஏக்கர் தண்ணீரும் ஒரே மூலையில் வந்து முட்டும், உடைக்கத்தான் செய்யும் தங்கச்சி. தண்ணீரை ஒரே இடத்தில் சேர விடாதீர்கள். கோடை உழவு முடிந்ததும் காட்டைச் சின்னச் சின்னக் கட்டமாக உள்வரப்பு போட்டுப் பிரித்துவிடுங்கள். முழங்கால் உயரம் வேண்டாம், ஒரு சாண் போதும். விழுந்த மழை விழுந்த கட்டத்திலேயே நிற்கும். விதைப்பின்போது அது அழிந்துபோனாலும் பரவாயில்லை, வேலை முடிந்திருக்கும்.

தாழ்ந்த காடாக இருந்து தண்ணீர் தேங்கி அழுகுகிறது என்றால் வேறு வைத்தியம். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் எனும் வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே அகலப்பாத்தி முறையைச் சோதித்துக் கொடுத்தது. ஒன்றரை மீட்டருக்கு ஒரு சால், நடுவில் மேட்டுப்பாத்தி. மிஞ்சின தண்ணீர் சால் வழியாக மெதுவாக நடந்து போகும், பயிர் மேட்டில் மூச்சு விடும்.

திருவேங்கடத்திலிருந்து: குளத்துக் கரம்பை (வண்டல் மண்) அடிக்கலாமா?

உங்கள் நிலம் செவல் என்றால் தாராளமாக. களி சேரச் சேர ஈரம் நிற்கும். கரிசலுக்குக் களியை மேலும் கொண்டுவந்து கொட்டுவதில் அர்த்தமில்லை. அந்த லாரி வாடகையில் ஆட்டுக்கிடை போடுங்கள், அதாவது ராத்திரி ஆடுகளைக் காட்டிலேயே அடைத்து வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்று ஒருவர்: மண்ணில் கரிமச்சத்து ஒரு சதவீதம் கூடினால் ஏக்கருக்கு லட்சக்கணக்கில் லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

எனக்கும் அது பத்து தடவை வந்துவிட்டது. பல நாட்டு மண்களின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. கரிமம் ஒரு சதவீதம் கூடினால் 10 சென்டிமீட்டர் மண்ணில் சராசரியாக ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் ஈரம் கூடும் என்கிறது அது. மணல் மண்ணில் கொஞ்சம் அதிகம், களிமண்ணில் இன்னும் குறைவு. மேல் 20 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏக்கருக்குப் பத்தாயிரம் லிட்டர் அளவில் வரும். அந்த ஒரு சதவீதத்தை ஏற்றவே ஏக்கருக்குப் பத்து டன் சுத்தக் கரிமம் மண்ணில் தங்க வேண்டும். நாம் போடும் குப்பையில் பெரும்பகுதி நம் வெயிலுக்கு இரண்டு மூன்று வருடத்தில் மக்கிக் காற்றோடு போய்விடுகிறது.

அப்படியானால் குப்பை வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் காரணம் வேறு. குப்பை மண்ணைப் பொலபொலவென்று கட்டிவைக்கும். மழை இறங்க வழி கிடைக்கும், ஓடு கட்டாது. வீட்டிலேயே பார்க்கலாம். உழுத காட்டிலிருந்து காய்ந்த கட்டி ஒன்று, வருடக்கணக்கில் கிடை போட்ட காட்டிலிருந்து ஒன்று, இரண்டையும் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். முதலாவது சேறாகக் கலங்கும், கிடை போட்டது குமிழ் விட்டுக்கொண்டு உதிராமல் நிற்கும். கரைகிற மண் மழையிலும் அப்படித்தான் கரைகிறது.

அதே நண்பர்: குப்பைக்கு எங்கே போவது? மாடே இல்லை.

குறைவாக இருந்தால் ஊட்டமேற்றிப் போடுங்கள். ஏக்கருக்கு 300 கிலோ நன்றாக மக்கிய தொழு உரத்தோடு, அந்தப் பயிருக்கான மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தைக் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, மூடி ஒரு மாதம் வைத்து, விதைப்பின்போது சாலில் விழும்படி போட வேண்டும். சுண்ணாம்பு நிறைந்த நம் மண்ணில் மணிச்சத்து தனியாகப் போனால் பிடிபட்டுக் கிடக்கும், குப்பையோடு போனால் பயிருக்குக் கிடைக்கும்.

கிடைக்கு வருவோம். கிடை போட்ட மறுநாளே லேசாக உழுது மூடுங்கள். புழுக்கையைவிட மூத்திரத்தில்தான் தழைச்சத்து (நைட்ரஜன்). திறந்து கிடந்தால் ஒரே வெயிலில் காற்றோடு போய்விடும். கிடைக்காரருக்குக் கூலி கொடுத்துவிட்டு ஒரு வாரம் காட்டைப் பார்க்காமல் விட்ட வருடம் எனக்கும் உண்டு.

பெரம்பலூரிலிருந்து: உழாமல் விவசாயம், மூடாக்கு இதெல்லாம் மக்காச்சோளத்தில் செய்யலாமா ஐயா?

மூடாக்கு, அதாவது நிலத்தை மூடும் காய்ந்த தழை, இருந்தால் உழாமல் விடலாம். மூடாக்கு இல்லாமல் உழவை மட்டும் நிறுத்தினால் கரிசல் பாறையாகும். உங்கள் பக்கம் மக்காச்சோளத் தட்டையை மேய்ச்சலுக்குக் கொடுத்தது போக மிச்சம் என்ன இருக்கும்? நெருப்பு வைக்காமல் இருந்தால் அதுவே பாதி வெற்றி. தட்டையை அப்படியே மண்ணுக்குள் மடக்கினால் மக்குவதற்காக நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், அடுத்த பயிர் மஞ்சளடிக்கும். மேலே பரப்பிவிடுவது நல்லது. இல்லையென்றால் வரிசைக்கு நடுவே தட்டைப்பயறோ உளுந்தோ போடுங்கள். நிலத்தையும் மூடும், தானியம் ஏமாற்றினாலும் பயறு கைக்கு வரும்.

எட்டயபுரம், உள்ளூர்த் தம்பி: மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் போடும் புழுதி விதைப்பில் இரண்டு வருடம் விதை போச்சு.

ஆழம் பார்த்தீர்களா? சோளத்தை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும். மேலாகப் போட்டால் பத்து மில்லிமீட்டர் தூறலுக்கே முளைத்து, அடுத்த வாரம் கருகும். ஆழத்தில் இருந்தால் 20, 25 மில்லிமீட்டர் உறுதியான மழை வந்தால்தான் எழும்பும். விதையைக் கடினப்படுத்தியும் போடுங்கள்: லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட், 6 மணி நேரம் ஊறல், அப்புறம் நிழலில் பழைய ஈரப்பதத்துக்குக் காயவைத்தல். புரட்டாசி முதல் வாரத்தில் பாதிக் காட்டில் மட்டும் போடுங்கள், மீதியை மழை பார்த்து. முழுக் காட்டையும் ஒரே நாளில் பணயம் வைக்கிற வேலை எனக்கு ஒத்துவராது.

கோவில்பட்டியிலிருந்து: பண்ணைக்குட்டை வெட்டினால் எத்தனை ஏக்கருக்கு உதவும்?

மேலே 20க்கு 20 மீட்டர், ஆழம் இரண்டரை மீட்டர், பக்கச் சரிவோடு வெட்டினால் ஆறரை லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயிர்த்தண்ணீர் பாய்ச்சவே 2 லட்சம் வேண்டும். வெயில் குடிப்பது போக இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரிசலில் ஊதிய களியே அடைத்துக்கொள்ளும், தார்ப்பாய் தேவைப்படாது. சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டுப்பட்டால் அங்கே கசியும், இடத்தை மாற்றிவிடுங்கள்.

இன்னொருவர்: இதெல்லாம் செய்தால் 2016 மாதிரி வருடத்தையும் தாண்டிவிடலாமா?

முடியாது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது; மறு ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி என்று அறிவித்தார்கள். என் காட்டில் தட்டை மட்டும் தேறியது, மாட்டுக்கு ஆனது. மண்ணைப் பேணுவது இருபது நாள் மழை தள்ளிப்போகிற வருடங்களுக்கு. மழையே வராத வருடத்துக்குக் காப்பீட்டுச் சீட்டுதான்.

சாத்தூரிலிருந்து: மண்வள அட்டையில் கரிமம் 0.35, கார அமில நிலை 8.7, துத்தநாகம் குறைவு என்று இருக்கிறது. எதை முதலில் பார்க்க?

8.7-ஐ. கரிமம் 0.5-க்குக் கீழே என்றால் குறைவு என்பார்கள். நம் பக்கம் முக்கால்வாசிக் காடு அப்படித்தான். துத்தநாகத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட், தீர்ந்தது. ஆனால் 8.5-க்கு மேலே போனால் சோடியம் ஏறியிருக்கலாம். அந்த டம்ளர் சோதனையில் தண்ணீர் மறுநாளும் தெளியாமல் பால் மாதிரி நின்றால் சந்தேகம் வலுக்கும். சோடிய அளவையும், அதைச் சரிசெய்ய எவ்வளவு ஜிப்சம் வேண்டும் என்பதையும் தனியாகக் கேட்டுப் பரிசோதனை செய்யுங்கள். மண் எடுக்கும்போது வரப்போரம், கிடை போட்ட இடம், மரத்தடி மூன்றையும் விட்டுவிட்டு, பத்து இடத்தில் ‘வி’ வடிவில் வெட்டி ஒரு சாண் ஆழம் வரை சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ கொண்டுபோங்கள். உரச் சாக்கில் கட்டி எடுத்துப் போகாதீர்கள், நான் ஒரு தடவை போனேன், சாம்பல் சத்து (பொட்டாஷ்) ஏகமாக இருப்பதாக அட்டை வந்தது.