ஒடிசியஸின் வில்லும் பட்டவராயன் கோயில் செருப்பும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: காவிய நாயகன் எவனாக இருந்தாலும் வீட்டை விட்டுப் புறப்படுகிறான், சோதனைகளைக் கடக்கிறான், வென்று திரும்புகிறான் என்று வகுப்பில் ஒரு வட்டம் வரைந்து காட்டினார்கள். கிரேக்கக் கதை ஒன்றை அந்த வட்டத்தில் பொருத்திக் கட்டுரை எழுத வேண்டும். கிரேக்க நாயகர்கள் எல்லோரும் அதில் அடங்குவார்களா?
– கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: அடங்க மாட்டார்கள். அந்த வட்டத்தைப் பரப்பியவர் ஜோசப் கேம்பல் என்ற அமெரிக்க அறிஞர். 1949-இல் வெளிவந்த தம் நூலில் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று மூன்று கட்டங்களாக அதை வகுத்தார். அவருக்கு முன்பே, 1909-இல் ஓட்டோ ராங்க் நாயகர்களின் பிறப்புக் கதைகளை ஒப்பிட்டிருந்தார். 1936-இல் ராக்லன் பிரபு, பிறப்பு முதல் இறப்பு வரை 22 கூறுகள் கொண்ட ஒரு பட்டியலைத் தந்திருந்தார். 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸ், கேம்பலுக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, அந்த மூன்று கட்டங்கள் திரைக்கதை எழுதுவோரின் சூத்திரமாகவே ஆகிவிட்டன. உங்கள் வகுப்பறைக் கரும்பலகைக்கு அது வந்து சேர்ந்த வழியும் பெரும்பாலும் இதுதான்.

கிரேக்கக் கதைகளில் வட்டத்துக்கு நன்றாகப் பொருந்துவது, டிராய்ப் போர் முடிந்து தன் தீவான இத்தாக்காவுக்குத் திரும்பும் அரசன் ஒடிசியஸின் கதை. அதுவும் நேராகப் பொருந்துவதில்லை. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்ட, ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தின் முதல் நான்கு காண்டங்களில் நாயகன் மேடைக்கே வருவதில்லை, அவன் மகன் டெலிமாக்கஸ் தகப்பனைப் பற்றிய செய்தி தேடி அலைவதே அங்கே கதை. ஒற்றைக்கண் அரக்கன், மனிதர்களைப் பன்றிகளாக்கும் கிர்க்கி, உயிரைக் குடிக்கும் பாட்டுப் பாடும் சைரன்கள் என்று நாம் ‘பயணம்’ என்று நினைக்கும் அத்தனையும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான காண்டங்களில், அந்நிய அரசன் ஒருவனின் விருந்து மண்டபத்தில் உட்கார்ந்து ஒடிசியஸ் தன் வாயாலேயே சொல்லும் கதைகள். அவன் எப்பேர்ப்பட்ட புளுகன் என்பதைக் காவியமே பிறகு பலமுறை காட்டுகிறது. பதின்மூன்றாம் காண்டத்தில் அவன் இத்தாக்காவின் கரையில் இறக்கிவிடப்படுகிறான். கண் விழிக்கும்போது அதீனா என்ற தெய்வம் பரப்பிய மூடுபனியால் சொந்த ஊரே அவனுக்கு அடையாளம் தெரிவதில்லை. வட்டத்தில் கடைசிச் சிறு துண்டாக வரையப்படும் ‘திரும்புதல்’ ஹோமரிடம் காவியத்தின் சரிபாதி என்பதைக் கட்டுரையில் எழுதுங்கள்.

மற்றவர்கள் நிலை இன்னும் மோசம். ஹோமரின் இன்னொரு காவியமான ‘இலியட்’டின் நாயகன் அகிலீஸ் திரும்புவதே இல்லை. நீண்ட ஆயுளா, அழியாப் புகழா என்ற தேர்வில் புகழை எடுத்துக்கொண்டவன் அவன். ஜேசன் தான் தேடிப் போன தங்க ஆட்டுத்தோலுடன் திரும்பினான். ஆனால் தனக்காகத் தகப்பனையும் தாய்நாட்டையும் விட்டு வந்த மெடியாவைக் கைவிட்டு, பிள்ளைகளை இழந்து, கடைசியில் தான் ஏறிச் சென்ற ஆர்கோ கப்பலின் இற்றுப்போன மரம் மேலே விழுந்து செத்தான் என்பது ஒரு வழக்கு. உயிரோடு வந்தால் கப்பலில் வெள்ளைப் பாய் ஏற்றுவதாகச் சொல்லிப் போன தீசியஸ், கறுப்புப் பாயை மாற்ற மறந்து திரும்பியதால், மகன் இறந்துவிட்டான் என்று எண்ணித் தகப்பன் உயிரை விட்டான். ஈடிபஸுக்கோ திரும்பி வந்ததுதான் கேடு: பிறந்த ஊர் என்று தெரியாமலே தீப்ஸுக்கு வந்து, பெற்ற தாய் என்று தெரியாமலே அவளை மணந்தான். இவர்களை வட்டத்துக்குள் திணித்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். எங்கே பிதுங்குகிறார்கள் என்று காட்டி எழுதினால், கட்டுரையைத் திருத்துகிறவரும் தூக்கம் வராமல் படிப்பார்.

கேள்வி: சீதையின் சுயம்வரத்தில் இராமன் வில்லை ஒடிக்கிறான், பாஞ்சாலியின் சுயம்வரத்தில் அருச்சுனன் வில்லை வளைக்கிறான், ஒடிசியஸும் வில்லை வளைத்தே மனைவியை மீட்கிறான். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, மூன்றில் நெருங்கிய இரண்டு அருச்சுனன் கதையும் ஒடிசியஸ் கதையும். ஒருவன் அந்தணக் கோலத்திலும் மற்றவன் பிச்சைக்காரக் கோலத்திலும் வந்து, அரசர்கள் தோற்ற இடத்தில் வெல்கிறான். வடமொழியும் கிரேக்கமும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இரண்டு கதைகளுக்கும் பழைய பொதுவேர் ஒன்று இருக்கக்கூடும் என்று ஒப்பியல் அறிஞர்கள் கருதுகிறார்கள். நேரடியாக எடுத்தாண்டதற்குச் சான்று இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்த டயோ கிரிசாஸ்டம் என்ற கிரேக்கச் சொற்பொழிவாளர், இந்தியர்கள் ஹோமரைத் தங்கள் மொழியில் பெயர்த்துப் பாடுகிறார்கள் என்று சொன்னார். மகாபாரதம் பாடப்படுவதைக் கேட்ட யாரோ ஒரு பயணி சொன்ன செய்தி அவர் காதில் அப்படி விழுந்திருக்கலாம் என்பதே பலரின் ஊகம்.

ஆனால் யார் முந்தி என்ற வழக்கைவிட, இருபத்தொன்றாம் காண்டத்தை நிதானமாகப் படிப்பது அதிகப் பயன் தரும். ஒடிசியஸின் மனைவி பெனிலோப்பியை மணக்க வந்து, வீட்டிலேயே தங்கித் தின்று தீர்க்கும் கூட்டத்தார் வில்லை நெருப்பில் வாட்டுகிறார்கள், கொழுப்பைத் தடவிப் பார்க்கிறார்கள், நாண் ஏறவில்லை. டெலிமாக்கஸ் நான்காம் முறையில் ஏற்றியே விடுவான் போலிருக்கும் நேரத்தில் தகப்பன் கண்சாடை காட்டித் தடுக்கிறான். பிறகு வில் ஒடிசியஸின் கைக்கு வருகிறது. அவன் உடனே வளைப்பதில்லை. தான் ஊரில் இல்லாத காலத்தில் கொம்புப் பகுதியைப் புழு அரித்திருக்குமோ என்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறான். பார்க்கிறவர்கள் கேலி பேசுகிறார்கள். பாட்டுக்காரன் தன் யாழுக்குப் புது நரம்பு பூட்டுவதைப் போல அலட்டிக்கொள்ளாமல் நாணை ஏற்றி, வலக்கையால் சுண்டிப் பார்க்கிறான். நாண் தகைவிலான் குருவியின் குரலில் பாடுகிறது. எழுந்து நிற்கவும் இல்லை, இருந்த இருக்கையிலிருந்தே பன்னிரண்டு கோடரிகளின் ஊடாக அம்பை விடுகிறான்.

கொலை தொடங்கப்போகும் கணத்தில் ஹோமர் வில்லை இசைக்கருவியாக்கிக் காட்டும் துணிச்சலை நம் பக்கத்துக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். வில்லைக் குடத்தின்மேல் கிடத்தி, மணிகள் கட்டி, நாணை வீசுகோலால் அடித்து வில்லுப்பாட்டாகக் கதை சொல்லும் நாடு இது. அங்கே உவமையாக நிற்பது இங்கே கருவியாகவே புழங்குகிறது.

கேள்வி: எங்கள் கோயில் கொடைவிழாவில் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். கிரேக்கர்களும் இறந்துபோன வீரர்களுக்குக் கோயில் வைத்துக் கும்பிட்டதாகப் படித்தேன். அதுவும் இதுவும் ஒரே வகையா?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: பெருமளவுக்கு ஒரே வகை. இதைத் தெரிந்துகொண்டால் மாணவியின் கேள்விக்கான விடையும் இன்னும் தெளிவாகும்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டு முதல் கிரேக்கத்தில் பழைய கல்லறைகளுக்குப் படையல் வைக்கும் வழக்கம் பெருகியது. வானத்துத் தெய்வங்களுக்கு உயர்ந்த பலிபீடம் இருக்க, மாண்ட வீரனுக்கு உரியது பெரும்பாலும் தரையும் குழியும். பலியின் இரத்தம் மண்ணுக்குள் இறங்க வேண்டும். வீரனின் ஆற்றல் அவன் எலும்பு கிடக்கும் இடத்தைச் சுற்றியே நிற்கும் என்று நம்பினார்கள். அதனால் எலும்புக்காக ஊர்கள் போட்டியிட்டன: ஸ்பார்ட்டா பழங்கதை வீரன் ஒரெஸ்டஸின் எலும்புகளைத் தெகேயாவிலிருந்து தந்திரமாக எடுத்துச் சென்ற கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார், தீசியஸுடையவை என்று நம்பப்பட்ட எலும்புகளை ஸ்கைரோஸ் தீவிலிருந்து தளபதி கிமோன் ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தார்.

நல்லவனாக இருந்தால்தான் படையல் என்ற கணக்கும் கிடையாது. அஸ்திபாலயா தீவைச் சேர்ந்த கிளியோமெடிஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் கி.மு. 492 ஒலிம்பிக் போட்டியில் எதிராளியைக் கொன்றுவிட்டான். பரிசு மறுக்கப்பட்டதால் புத்தி பேதலித்து ஊர் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தின் தூணைப் பெயர்க்க, கூரை விழுந்து அறுபது பிள்ளைகள் அளவில் மாண்டார்கள். கல்லெறிந்து துரத்திய ஊராரிடமிருந்து தப்பி அதீனா கோயிலில் இருந்த பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டான். பெட்டியை உடைத்துப் பார்த்தால் ஆளும் இல்லை, பிணமும் இல்லை. டெல்ஃபியில் குறி கேட்டபோது, வீரர்களில் கடைசி ஆள் அவன்தான், அவனுக்குப் பலி கொடுங்கள் என்று பதில் வந்ததாகப் பாசேனியஸ் என்ற பழங்கிரேக்கப் பயண நூலாசிரியர் பதிவு செய்திருக்கிறார். இந்தக் கதை மற்ற ஊர்க்காரர்களைத் திகைக்க வைக்கும். துடியான சாமியை அன்பால் மட்டுமல்ல, அச்சத்தாலும் கும்பிடுகிற நமக்கு விளக்கம் தேவைப்படாது.

முத்துப்பட்டனுக்கு வருவோம். அந்தணக் குடியில் பிறந்தவன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பி, தன் பிறப்பின் அடையாளங்களைக் களைந்து, செருப்புத் தைத்து, மாடு காக்கும் வேலையை ஏற்று, கிடையை மறிக்க வந்த கள்வர்களோடு போரிட்டு வஞ்சகமாகக் குத்தப்பட்டுச் சாகிறான். இக்கதைப்பாடலைப் பதிப்பித்தவர் நம் நா. வானமாமலை. அப்பெண்கள் பிறப்பால் அந்தணரே, பகடை எடுத்து வளர்த்தார் என்று சொல்லும் பாடமும் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை உண்மையில் மேல்குடிப் பிறப்பு என்பது ராங்க்கும் ராக்லனும் பட்டியலிட்ட பழைய உத்தி. அந்த உத்தியைக் கொண்டு கதையின் முள்ளை முறிக்கப் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

மாட்டைக் கவர்வதும் மீட்பதும் கிரேக்கர்களுக்கும் வீரத்தின் பால பாடம். ‘இலியட்’டில் முதியவர் நெஸ்டர் தம் இளமை வீரத்தைச் சொல்லத் தேர்ந்தெடுப்பது ஒரு மாட்டு மறியலைத்தான், ஹெராக்கிளிஸின் பன்னிரண்டு பணிகளில் ஒன்று கெரியோனின் மாடுகளை ஓட்டி வருவது. நம் வெட்சியும் கரந்தையும் வேறு எதைப் பற்றியவை? அப்படி விழுந்தவனுக்குக் கல் தேடுவது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது.

வேறுபாடும் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் காவியம் பாடுவது ஓரிடம், கல்லறைக்குப் படைப்பது வேறிடம். ஹோமரின் பாடல்களைப் பெருவிழாக்களில் பாடினார்கள்; ஏதென்ஸின் பெருவிழாவில் வரிசையாகப் பாட வைத்தார்கள். கல்லறைப் படையலைப் பற்றி ஹோமர் அதிகம் பேசுவதும் இல்லை. நம் கொடையில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன: நடு இரவு தாண்டி, வில்லுப்பாட்டுக் குழுத் தலைவரான அண்ணாவி, பட்டன் குத்துப்படும் இடத்துக்கு வந்து, வீசுகோலின் விசை கூடி, குடமும் உடுக்கையும் நெருங்கி ஒலிக்கும்போது, அதுவரை சும்மா நின்ற சாமியாடியின் உடம்பில் பட்டன் இறங்குகிறான். கதையின் உச்சம் வீடு திரும்புவதில் இல்லை, சாவில் இருக்கிறது. திரும்பி வருவது செத்த பிறகு, தெய்வமாக. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில், பட்டன் தெய்வமாகி நிற்கும் பட்டவராயன் சன்னிதியில் காணிக்கையாகக் கட்டியிருக்கும் தோல் செருப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கிரேக்க நாயகர்களில் பெரும்பாலோர் இந்த வழியில் புரிந்துகொள்ளத் தக்கவர்களே தவிர, கேம்பலின் வட்டத்தில் அல்லர். ஒடிசியஸ்தான் விதிவிலக்கு.

கேள்வி: அகிலீஸுக்குக் குதிகாலில் மட்டுமே உயிர்நிலை இருந்தது என்று ஹோமர் எங்கே சொல்கிறார்?
– வாசகர், வள்ளியூர்

பதில்: எங்குமே சொல்லவில்லை. ‘இலியட்’டின் இருபத்தொன்றாம் காண்டத்தில் அஸ்டெரோபியஸின் ஈட்டி அகிலீஸின் முழங்கையைக் கீறி இரத்தம் வருகிறது. தாய் அவனை ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த செய்தியை நாம் காண்பது, கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம். மரக்குதிரையையும் ‘இலியட்’டில் தேட வேண்டாம், அந்தக் காவியம் டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி: நாயகன் ஊர் ஊராகச் சுற்றுகிறான், பெண் காத்திருக்கிறாள். பெனிலோப்பிக்கு இதைத் தவிர வேறு வேலை இல்லையா?
– இல்லத்தரசி, கடையநல்லூர்

பதில்: அம்மா, அவள் சும்மா காத்திருக்கவில்லை. மாமனாருக்கு ஈமத்துணி நெய்து முடித்ததும் மணம் செய்துகொள்வேன் என்று சொல்லி, பகலில் நெய்ததை இரவில் பிரித்து, 108 பேரை மூன்று ஆண்டுகள் ஏமாற்றியவள். காவியத்தின் கடைசிச் சோதனையை வைப்பவளும் அவளே. எதிரிகளைக் கொன்று குளித்து வந்து நிற்கும் கணவனை அவள் உடனே ஏற்பதில்லை. கட்டிலை வெளியே எடுத்துப் போடுங்கள் என்று பணிப்பெண்ணிடம் சாதாரணமாகச் சொல்கிறாள். ஒடிசியஸ் கொதித்துப் போகிறான். வேரோடு நிற்கும் ஒலிவ மரத்தையே காலாக வைத்து அவன் செய்த கட்டில் அது, பெயர்க்க முடியாது. அவனுக்கும் அவளுக்கும் ஒரு பணிப்பெண்ணுக்கும் மட்டும் தெரிந்த இந்த இரகசியம் அவன் வாயால் வந்த பிறகே அவள் இளகுகிறாள். தந்திரசாலியைத் தந்திரத்தால் வென்றவள் அவள் ஒருத்திதான்.

பெண்களைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிரிகளோடு படுத்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட பன்னிரண்டு அடிமைப் பெண்களை அதே நாளில் டெலிமாக்கஸ் கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறான். அவர்களுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்று காவியம் கேட்கவில்லை. பாடப்புத்தகச் சுருக்கங்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன; தாண்டக் கூடாது என்பேன்.

கட்டில் சோதனை முடிந்த அதே இரவில், தான் மறுபடி புறப்பட வேண்டியிருக்கிறது என்று ஒடிசியஸ் மனைவியிடம் சொல்கிறான்: தோளில் துடுப்பைச் சுமந்து, கடலையே அறியாத மக்கள் அதைத் தூற்றுமுறம் என்று நினைக்கும் நாடு வரை நடந்து, அங்கே அதை நட்டுக் கடல் தெய்வம் பொசைடனுக்குப் பலி கொடுத்து வர வேண்டும். இது பாதாளத்தில் டைரீசியஸ் என்ற குறிசொல்லியின் ஆவி சொன்ன குறி. பெனிலோப்பி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள், தடுப்பதில்லை. மறுநாள் கொலையுண்டவர்களின் உறவினர் ஆயுதத்தோடு வருகிறார்கள். ஒடிசியஸின் கிழத்தந்தையே ஈட்டி எறிந்து ஒருவனைச் சாய்க்கிறார். பழிக்குப் பழி பெருகுமுன் அதீனா குறுக்கே வந்து இரு தரப்பையும் சமாதான உறுதி எடுக்க வைக்கிறாள். காவியம் அங்கே நின்றுவிடுகிறது. துடுப்புப் பயணம் பாடப்படவில்லை.