பிங் எகிறுகிறதா? பிளானை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் இரண்டு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப். எல்லாம் வைஃபையில்தான். 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தும் ஆட்டத்தின் நடுவே பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம், மில்லிவினாடியில்) 30-லிருந்து 300-க்குத் தாவுகிறது. ஒரு கணினியில் தொடங்கும் லேன் ஆட்டம் (வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே ஆடுவது) இன்னொன்றில் தெரிவதே இல்லை. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. மல்டிபிளேயர் ஆட்டங்கள் அனுப்புவதும் பெறுவதும் சின்னச் சின்ன பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள். ஓர் ஆளுக்கு 1 எம்பிபிஎஸ்கூடப் பொதுவாகச் செலவாகாது. பெரிய பிளான் கேமை டவுன்லோடு செய்யத்தான் கைகொடுக்கும்.

முதலில் தாமதம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். கமாண்ட் பிராம்ப்டை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கும் (192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கலாம்), மற்றதில் கூகுளின் 8.8.8.8-க்கும் பிங் ஓடவிடுங்கள். விண்டோஸில் முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் சின்ன டி-யும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். பத்து நிமிடம் விளையாடிவிட்டு வந்து பாருங்கள். ரௌட்டருக்கான பிங்கே துள்ளியிருந்தால் கோளாறு வைஃபையில். அது அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறியிருந்தால் நெரிசல் இணைய லைனில்.

வைஃபைதான் காரணம் என்றால் டெஸ்க்டாப் இரண்டுக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள். கேட் 5இ போதும். 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் தரும். தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியை மலிவு என்று வாங்காதீர்கள், முழுத் தாமிரமே வேண்டும். ரௌட்டரில் போர்ட் போதாவிட்டால் 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று. கேபிள் முனையில் கனெக்டரை நீங்களே கிரிம்ப் செய்வதானால் (அழுத்திப் பொருத்துவதானால்) இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜோடிக் கம்பிகளின் முறுக்கை ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. பிறகு கணினியில் லிங்க் ஸ்பீடு பாருங்கள். 1000-க்குப் பதில் 100 காட்டினால், பெரும்பாலும் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ சரியாகத் தொடவில்லை. 100-க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வையுங்கள். ரிப்பீட்டர் பக்கம் போகாதீர்கள்: சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் தாமதம் கூடும்.

லைனில்தான் நெரிசல் என்றால், அப்லோடைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் யாரோ ஒருவரின் போன் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். லைன் நிரம்பியதும் மிச்ச பாக்கெட்டுகள் மோடத்திலோ ரௌட்டரிலோ வரிசையில் நிற்கும். உங்கள் ஆட்டத்தின் பாக்கெட்டும் அதே வரிசையின் கடைசியில்தான். பஃபர்புளோட் என்பது இதுதான். இதற்கு மருந்து, இந்த வரிசையை நீளவிடாமல் ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதியுள்ள ரௌட்டர். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரௌட்டர் மென்பொருளில் கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் வேகத்தை அளந்து, டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்கும் அதில் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். அந்தப் 10 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை உங்கள் ரௌட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். பெட்டியில் 'கேமிங்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். இந்த வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

லேன் ஆட்டம் தெரியாதது வேறு சிக்கல். விண்டோஸ் நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்று குறித்திருந்தால் ஃபயர்வால் மறைத்துவிடும், 'பிரைவேட்' ஆக்குங்கள். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கருவி மற்றவற்றைப் பார்க்காது. இரண்டும் இல்லையென்றால், இணைய நிறுவனம் தந்த ரௌட்டருக்குப் பின்னால் நீங்கள் இன்னொன்றை மாட்டியிருக்கிறீர்களா? ஒரு கணினிக்கு 192.168.0, மற்றதற்கு 192.168.1 என்று முகவரி தொடங்கினால் அதுதான் காரணம். 'யார் ஆட்டம் நடத்துகிறீர்கள்?' என்று கேட்கும் பிராட்காஸ்ட், ரௌட்டரைத் தாண்டாது. இரண்டாவது ரௌட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காத ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த முறை இல்லாவிட்டால் அதன் முகவரியை முதல் ரௌட்டரின் வரிசையிலேயே, வேறெதற்கும் தராத எண்ணாக மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வான் (இணையப் பக்க) போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள்.

வெளி நண்பர்களுக்காக சர்வர் நடத்துவதானால் முதலில் ரௌட்டரின் வான் முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உங்கள் கணினிக்குத் திருப்புவது) பலிக்காது, பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும். வான் முகவரி அந்த வரம்பில் இல்லையென்றால் சர்வர் கணினிக்கு ஐபி மாறாதபடி ரௌட்டரில் ரிசர்வ் செய்து, தேவையான போர்ட்டை மட்டும் திறங்கள். மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு டிசிபி 25565. சோதிப்பதை மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். சில ரௌட்டர்களில் வீட்டுக்குள்ளிருந்து சொந்தப் பொது முகவரியைத் தொட முடியாது, எல்லாம் சரியாக இருந்தாலும் தோல்வி என்றே காட்டும்.