பக்கற்றில் ஏன் நிறை மாறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): எங்கள் பக்கற் மெஷினில் தேயிலைத் தூள் கிண்ணத்தில் நிரம்பி உறைக்குள் விழும். டஸ்ட் (மிகப் பொடியான தரம்) போட்டால் 100 கிராம் சரியாக நிற்கிறது. பீ.ஓ.பி. (துணுக்கு பெரிதான தரம்) போட்டால் 80, 85 என்று இறங்கிவிடுகிறது. மெஷினின் தராசு பழுதா?

பதில்: அந்த மெஷினில் தராசே இல்லை. கிண்ணம் அளப்பது கனவளவைத்தான். அரிசியைக் கொத்தால் அளப்பது போல. டஸ்ட் நெருங்கிப் படியும். பீ.ஓ.பி. துணுக்குகளுக்கு இடையில் காற்று அதிகம், அதனால் அதே கிண்ணத்தில் நிறை குறையும். தரம் மாறும்போதெல்லாம் கிண்ணத்தின் உயரத்தைத் திருகித் திருத்த வேண்டும். திருத்திய பின் பத்துப் பக்கற்றையாவது தனித் தராசில் நிறுத்துச் சராசரி பாருங்கள்.

ஒரே தரத்திலும் நிறை ஆடினால் மேலே தூள் கொட்டி வைக்கும் ஹொப்பரைப் பாருங்கள். அது நிரம்பியிருக்கும்போது தூள் அமுங்கி விழும், அடி தெரியும்போது தளர்ந்து விழும். பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் ஒரே மட்டத்தில் வைத்திருந்தாலே பாதி முறைப்பாடு தீரும்.

நாளுக்கு இரண்டு மூன்று தரம் மாற்றுகிறவர்களுக்குக் கிண்ணம் சரிவராது. நிறுத்து நிரப்பும் மெஷின் வேண்டும். அதில் தூள் அதிரும் தட்டு வழியாக ஒரு சிறு வாளிக்குள் விழும். வாளி லோட் செல்லில் தொங்கும். லோட் செல் என்பது நடுவில் துளை குடைந்த ஓர் அலுமினியக் கட்டை. அதன் மேல் நான்கு மெல்லிய மின்தடைகள் ஒட்டியிருக்கும். பாரம் ஏறும்போது கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், மின்தடை மாறும், அந்த மாற்றமே கிராமாகத் திரையில் வரும். 10 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்கும் கிடைப்பது பெரும்பாலும் 20 மில்லிவோல்ட்தான். ஒரு கிலோ தாங்கும் செல்லில் ஒரு கிராமின் பங்கு 0.02 மில்லிவோல்ட். பனி இறங்கும் ஊரில் வயர் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் திரையில் கிராம் தானாக ஏறி இறங்குவது இதனால்தான். பெட்டியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். காலையில் போட்டவுடன் வேலையைத் தொடங்காமல் அரை மணி நேரம் சூடாக விடுங்கள்.

100 கிராம் பக்கற்றில் முதல் 90 கிராம் வேகமாக விழும். பிறகு தட்டின் அதிர்வு குறைந்து சொட்டுச் சொட்டாக விழும். தட்டு நின்ற பின்னும் அந்தரத்தில் இருக்கும் தூள் வந்து சேரும். அது 1.2 கிராம் என்றால் 98.8இலேயே நிறுத்தக் கட்டளை போக வேண்டும். இந்த அளவு தரத்துக்குத் தரம் மாறும். ஒரு பக்கற் கூடியது, உடனே குறை. அடுத்தது குறைந்தது, உடனே கூட்டு என்று துரத்தினால் நிறை இன்னும் அதிகமாக ஆடும். பத்துப் பக்கற்றின் சராசரியைப் பார்த்து ஒரே தடவை திருத்துங்கள்.

அதற்குப் பிறகும் ஆடினால் மெஷினுக்கு வெளியே தேடுங்கள். வாளிக்கு நேரே சுழலும் மின்விசிறி, வாளிக் கதவில் ஒட்டிய தேயிலைப் பஞ்சு, கொம்பிரசர் அழுத்தம் இறங்கி முழுதாக மூடாத கதவு. பழைய பெக்டரிகளில் இன்னொன்றும் உண்டு: மேல்மாடி பலகைத் தளம். பக்கத்தில் தூள் சலிக்கும் சிப்டர் ஓடினால் தளமே வாளியை ஆட்டும். நிறுக்கும் மெஷினுக்குக் கொங்கிரீட் தரைதான் இடம்.

கேள்வி (நுவரெலியா): கொழும்பில் சரிபார்த்து வாங்கிய மின்னணுத் தராசு இங்கே 50 கிலோ படிக்கல்லை 49.98 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, மலைதான் காரணம். லோட் செல் உணர்வது பூமி இழுக்கும் விசையை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அந்த இழுப்பு கொழும்பைவிட 0.04 முதல் 0.06 சதவீதம் வரை குறைவு. 50 கிலோவுக்கு அது 20, 30 கிராம். திரையில் 50 வரும்வரை கொட்டினால் சாக்கில் அவ்வளவு கூடுதலாகப் போகும், நட்டம் விற்கிறவருக்கு. இரண்டு தட்டுத் தராசில் இந்தச் சிக்கல் வராது, கல்லும் பொருளும் ஒன்றாகவே இலேசாகிவிடும்.

தராசைப் பாவிக்கும் இடத்திலேயே படிக்கல் வைத்துத் திருத்த வேண்டும். முத்திரையிட்ட தராசு என்றால் முத்திரையை நீங்களே உடைக்காதீர்கள். அனுமதி பெற்ற திருத்துநரை அழைத்து, பிறகு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்திடம் மீண்டும் முத்திரை பெறுங்கள். 100 கிராம் பக்கற்றில் இந்த வித்தியாசம் 0.05 கிராம் அளவுதான். அங்கே இரண்டு கிராம் குறைந்தால் மலையைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி (பண்டாரவளை): மிக்சர், முறுக்கு பக்கற் செய்கிறோம். வட்டமாகப் பத்து வாளி வைத்த மெஷின் எங்களுக்குப் பொருந்துமா?

பதில்: துண்டு பெரிதாகவும் சமமில்லாமலும் இருக்கும் பொருளுக்காகவே அது வந்தது. ஜப்பானின் இஷிடா நிறுவனம் 1972இல் குடைமிளகாயை நிறுப்பதற்காக இதை உருவாக்கியது. கடைசி இரண்டு கிராமைச் சொட்டாக விட மிளகாய் தூள் அல்லவே! 200 கிராம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வாளியிலும் சுமார் 50 கிராம் விழும்: 47, 53, 49.5 என்று. பத்து வாளிகளைச் சேர்க்க 1,023 வழிகள் உண்டு. கணினி அவற்றைக் கண நேரத்தில் கூட்டிப் பார்த்து, 200க்கு மிக அருகில் வரும் வாளிகளை மட்டும் திறக்கும். எல்லா வாளியிலும் ஒரே அளவு விழ வேண்டும் என்பதில்லை, கொஞ்சம் வேறுபட்டால்தான் நல்லது.

மிக்சருக்கு நன்றாக ஓடும். முழு முறுக்கு வாளி வாயில் குறுக்கே மாட்டும், உடையும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கற்தான் என்றால் இந்தச் செலவு வீண். இரண்டு வாளி உள்ள நேர்வரிசை மெஷின் போதும்.

கேள்வி (ஹப்புத்தளை): பெல்ட்டில் ஓடும்போதே நிறுக்கும் மெஷின் நல்ல பக்கற்றையும் தள்ளிவிடுகிறது. எடுத்து நிறுத்தால் சரியாக இருக்கிறது.

பதில்: பக்கற் நெருங்கி வருகிறது. நிறுக்கும் பெல்ட் 300 மில்லிமீட்டர், பக்கற் 120 என்று வைப்போம். பெல்ட் வினாடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடினால், பக்கற் முழுதாக அதன் மேல் இருப்பது 0.36 வினாடிதான். அதற்குள் அடுத்த பக்கற்றின் மூக்கு ஏறினால் இரண்டின் பாரமும் சேர்ந்துவிடும். ஒரு பக்கற்றின் முனையிலிருந்து அடுத்ததன் முனைவரை 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அப்படியானால் நிமிடத்துக்கு 100தான் உச்சம். கூடுதலாக வேண்டுமென்றால் முன் பெல்ட்டின் வேகத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை, நிறுக்கும் பெல்ட்டும் கூட வேண்டும். அப்போது துல்லியம் குறையும். உறை ரோல் மாற்றிய நாளில் தொல்லை தொடங்கியிருந்தால் வெறும் உறையின் நிறையை மீண்டும் பதியுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): பயத்தில் ஒவ்வொரு பக்கற்றிலும் ஒன்றரை கிராம் கூடுதலாகப் போடுகிறோம். சரிதானே?

பதில்: நிமிடத்துக்கு 40 பக்கற், எட்டு மணி நேரம் என்றால் நாளுக்கு 28.8 கிலோ தூளை இனாமாகக் கொடுக்கிறீர்கள். பொதியிட்ட பொருட்களுக்கான சர்வதேசப் பரிந்துரை, 100 கிராம் பக்கற் என்றால் தொகுதியின் சராசரி 100 கிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது. தனிப் பக்கற்றுக்கு 4.5 கிராம்வரை குறைவைப் பொறுக்கும். அதைத் தாண்டியவை மிகச் சிலவே இருக்கலாம், 9 கிராமுக்கு மேல் குறைந்த பக்கற் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. ஆட்டத்தைக் குறைத்தால் கூடுதலையும் குறைக்கலாம்.

கேள்வி (பதுளை): 2 கிராம் தேநீர்ப் பை ஒவ்வொன்றையும் மெஷின் நிறுக்குமா?

பதில்: பொதுவாக நிறுக்காது. சுழலும் உருளையில் உள்ள குழிகளே தூளை அளக்கும். 50 பைகளை மொத்தமாக நிறுத்து, அதே எண்ணிக்கை வெறும் தாள், நூல், அட்டையின் நிறையைக் கழித்தால் 100 கிராம் வர வேண்டும். பிறகு சில பைகளைப் பிரித்துத் தூளைத் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். குழியொன்று அடைத்திருந்தால் மொத்தத்தில் அது மறைந்துவிடும்.