ரயத்துவாரி, ஜமீன், கிஸ்தி: இந்த தடவை வந்த கேள்விங்க

கேள்வி: ரயத்துவாரிய கொண்டு வந்தது மன்றோ தானே?
பதில்: ரயத்துவாரின்னா விவசாயி கிட்ட சர்க்கார் நேரா நிலவரி வாங்குற முறை, ஜமீன்னா இடையில ஜமீன்தார் வசூல் பண்ணி சர்க்காருக்கு கட்டுறது. ரயத்துவாரிய ஆரம்பிச்சவர் கம்பெனி அதிகாரி ரீட். 1792ல திப்பு கையில இருந்து பாராமகால் (இன்னிக்கு சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) கிழக்கிந்திய கம்பெனிக்கு வந்துச்சு, அங்க மன்றோ ரீடுக்கு கீழ வேலை பாத்தவர். 1820ல கவர்னரா வந்து சென்னை மாகாணம் பூரா பரப்பினதால பேர் மன்றோவுக்கு போயிடுச்சு.

கேள்வி: எங்க தாத்தா ஊர் ஜமீனா, ரயத்துவாரியா சார்?
பதில்: ஊர் பேர் எங்கங்க? ராமநாதபுரம், சிவகங்கைன்னா ஜமீன். கோயம்புத்தூர் பக்கம்னா பெரும்பாலும் ரயத்துவாரி. புதுக்கோட்டைன்னா அது தனி சமஸ்தானம், கதையே வேற. எந்த ஜில்லா, எந்த வருஷம்னு எழுதாம கேக்காதீங்க, எத்தனை தடவை சொல்றது.

கேள்வி: ஜமீன் ஒழிஞ்சது எப்போ?
பதில்: 1948 சட்டம். ஆனா அமலுக்கு வந்த தேதி எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மாறும், அதனால இங்கயும் ஊர் பேர் வேணும்.

கேள்வி: ரயத்துவாரில இடையில ஆள் இல்ல, நேரா சர்க்கார் தான். அப்போ விவசாயிக்கு நல்லது தானே?
பதில்: இதை படிச்சாலே எனக்கு பத்திக்கிட்டு வரும். ஜமீன்தார் இல்லன்னா சர்க்காரே ஜமீன்தார், அவ்ளோதான். இடையில ஆள் இல்லையாம், ஊர் கணக்கு எழுதற கர்ணம், வரி வசூலிக்கற மணியக்காரர், தாசில்தார், அவர் அனுப்புற சேவகன், இவங்கல்லாம் யாருங்க? 1807ல மன்றோவே வரி மொத்த மகசூல்ல 45 சதவீதம் கிட்ட போகுது, மூணுல ஒரு பங்கா குறைங்கன்னு எழுதினார், மேல இருந்தவங்க அப்போ காதுல போட்டுக்கல. கிஸ்திய, அதாவது தவணையா கட்டுற நிலவரிய, பணமா கட்டணும், ஆனா 1820க்கு அப்புறம் ரொம்ப வருஷம் தானிய விலை விழுந்தே கிடந்துச்சு, அப்போ அதே கிஸ்திக்கு இன்னும் ஜாஸ்தி நெல்லை வித்தாகணும். கட்டலன்னா வெயில்ல குனிய வச்சு கட்டிப்போடுறது, விரலை கிட்டிங்கற மரக்கருவில வச்சு நெரிக்கறது, இதெல்லாம் நான் கட்டி விடுற கதை இல்ல, 1855ல சென்னை மாகாணத்துக்குன்னு போட்ட சித்திரவதை கமிஷனே விசாரிச்சு எழுதி வச்சது. இன்னொண்ணு, பட்டாதாரர் எல்லாம் உழறவர் இல்ல. தஞ்சாவூர்ல பட்டா நிலச்சொந்தக்காரரான மிராசுதார் பேர்ல, சேத்துல இறங்கினது பண்ணையாள், அவர் பேர் அந்த பட்டாவுல எங்கயும் வராது.

கேள்வி: மழை பொய்ச்சா தள்ளுபடி உண்டா?
பதில்: அந்த காலத்துல உண்டு, ஜமாபந்தில (ஊர் வரிக்கணக்கை பாத்து முடிக்கறது) வஜா, அதாவது தள்ளுபடி, எழுதுவாங்க. நஞ்சைக்கு கிடைக்கும், புஞ்சைக்காரருக்கு அபூர்வம். 1876-78 தாது வருஷ பஞ்சத்துல அடி வாங்கினதுல புஞ்சை ஜில்லாக்கள் தான் நிறைய.

கேள்வி: 30 வருஷத்துக்கு ஒரு தடவை தான் ஜமாபந்தியா?
பதில்: இல்ல. 30 வருஷம்ங்கறது செட்டில்மெண்ட் ரேட்டுக்கு, அதாவது நிலத்துக்கு இவ்ளோ வரின்னு நிர்ணயிக்கறதுக்கு. ஜமாபந்தி வருஷா வருஷம்.